ஆறணா அபராதம்

வண்டிப்பெரியாற்றில் பஸ் மாறி
கடைசி மூன்று மைல் ஜீப்பில் தொங்கிக்கொண்டு
வந்திருந்தாள் ரேணுப்பிரியா.
குடையையும் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு
ரேங்க் பட்டியலின் நகலை என் மேசையில் விரித்தாள்.
முந்நூற்றுப் பதினேழு.
பொதுவில் போனால் அந்த எண்ணுக்கு
இந்த ஜென்மத்தில் வேலை இல்லை.
சுழற்சியில் போனால்
நான்காம் இடம், பன்னிரண்டாம் இடம்
நமக்கு.
'நமக்கு' என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

வில்லேஜ் ஆபீசர் விஜயகுமாரன் சார்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
கெட்டவர் இல்லை. சட்டம் தெரிந்தவர்.
"அம்பதுக்கு முன்பு இவிடே இருந்ததுக்கு
ரேக உண்டோ மோளே?"

அப்பாவின் பி.எஃப். அட்டை, எழுபத்தொன்பது.
தாத்தாவின் சர்வீஸ் புத்தகம், ஐம்பத்தாறு.
ஆறு வருடம் இடிக்கிறது.
லயத்து வீட்டுக்குப் பட்டா கிடையாது.
பிரசவம் பார்த்தவளுக்கு எழுதத் தெரியாது.
செத்தவர்களைப் புதைத்த சரிவில்
இப்போது ஏலக்காய்.
மலையிறங்கிக் கூடலூரில் கேட்டால்
நீங்க கேரளா என்கிறார்கள்.
மலையேறி வந்தால்
பாண்டி.

எனக்கும் ஒருநாள் இதே கேள்வி வந்தது.
பாலக்காட்டுச் சித்தூரில் என் தாத்தா
ஒன்றரை மாதம் பள்ளிக்கூடம் போனார்.
அதற்குமேல் உட்கார விடவில்லை.
அந்த ஒன்றரை மாதத்து வருகைப் பதிவேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று,
இதோ இந்த நாற்காலி.
டீ நேரத்தில் யாராவது சொல்வார்கள்
"ரொட்டேஷன்ல வந்த ஆளு" என்று,
சிரித்தபடி, பருப்புவடையை நீட்டியபடி.
வடையை வாங்கிக்கொள்வேன்.

அடுத்த புதன்கிழமை மறுபடி வந்தாள்.
மூங்கில்பாறை எஸ்டேட் பூட்டிக் கிடக்கிறதாம்.
வாட்ச்மேனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து
ஃபேக்டரி மாடி ஏறி
கரையான் மிச்சம் வைத்த கட்டுகளுக்குள்
இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாளாம்.
கிடைத்தது அபராதப் புத்தகம்.
பழுப்பு மை, சாய்ந்த ஆங்கிலம்:
'சோளமட்டு. மூன்றாம் டிவிஷன்.
பங்களா ரோட்டில் செருப்போடு நடந்தான்.
ஆறணா.'
நாற்பத்தேழு நவம்பர்.
கொடி ஏற்றி மூன்று மாதம்.

"சொள்ளமுத்து சார்.
எங்க அப்பாவோட தாத்தா.
துரை வாயில அப்படி நொழஞ்சிருக்கு."

விஜயகுமாரன் சார் மூன்று தடவை படித்தார்.
"இது செருப்பு இருந்ததுக்கு ரேக.
ஜாதிக்கு எவிடே?"

ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்
நான் கேட்டேன்:
"செருப்புப் போட்டதற்கு
யார்கிட்ட சார் காசு வாங்குவாங்க?"

பிரிண்டர் காரணமில்லாமல்
ஒரு வெள்ளைத்தாளைத் துப்பியது.

அவர் கையெழுத்துப் போடவில்லை.
மறுக்கவும் இல்லை.
தாசில்தாருக்குக் குறிப்பு எழுது என்றார்,
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பன்னிரண்டு வருடமாகக் குறிப்பு எழுதுகிறேன்.
இணைப்பு என்ற இடத்தில்
செருப்பு என்று எழுதுவது இதுதான் முதல்முறை.
மலையாளத்திலும் அது செருப்புதான்.
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
எழுதும்போது தட்டுப்பட்டது,
மேசைக்கடியில் என் கால் வெறுங்காலாக இருப்பது.
தினமும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருகிறேன்.
யாரும் சொன்னதில்லை.

சரிபார்ப்புக்குக் கடைசி நாள் பதினெட்டு.
இன்று பதினொன்று.
தாலுகா ஆபீசுக்குத் தபால் போக நாலு நாள்,
அதனால் நாளை லீவு போட்டு
நானே கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

சொள்ளமுத்து,
ஆறணா அன்றைக்கு உன் ஒருநாள் கூலியாக இருந்திருக்கலாம்.
மறுநாள் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாயா,
இல்லை, போட்டுக்கொண்டேதான் நடந்தாயா?
நடந்திருந்தால்
இவளுக்கு இரண்டாவது ஆவணம் இருந்திருக்கும்.
அடுத்த பக்கத்தைக்
கரையான் தின்றுவிட்டது.